சரக்கு ரயில் பாலத்தில் தடம்புரள்வது ஏன்?

பாலத்தில் ரயில் கவிழ்ந்தது என்று செய்தி வந்தால் உங்களுக்கு முதலில் என்ன தோன்றும்? "பாலம் இடிஞ்சிருக்கும்!"

இருக்கலாம். ஆனால் உடைந்த தண்டவாளம், தேய்ந்த சக்கரம், ஒருபக்கமாகச் சாய்ந்த சரக்கு என்று சந்தேகப் பட்டியல் நீளம். சில நேரம், ஒரு பூட்டு.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள பால்ஸ்பரோவில் ஓடைமீது சுழலும் பாலம் ஒன்று இருந்தது. படகு வந்தால் திரும்பி வழிவிடும். ரயில் வந்தால் தண்டவாளங்கள் நேராகச் சேர்ந்து பூட்டிக்கொள்ளவேண்டும். பூட்டாவிட்டால் சிக்னல் சிவப்பு.

2012 நவம்பர் 30 காலை சிவப்பு மாறவே இல்லை. ரயில் நின்றது. கண்டக்டர் இறங்கிப் பார்த்து, பூட்டியிருப்பதாகச் சொன்னார். சிவப்பைத் தாண்டிப் போக அனுமதியும் கிடைத்தது.

இன்ஜினும் முதல் சில பெட்டிகளும் கடந்துவிட்டன. அதற்குள் பாலம் திரும்ப, தண்டவாளங்கள் விலகின. 7 பெட்டிகள் தடம்புரண்டன. ஒரு டாங்கி கிழிந்து, வினைல் குளோரைடு வாயு ஊருக்குள் பரவியது. பிவிசி குழாய்க்கு மூலப்பொருளான அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. மக்கள் வீடுகளைவிட்டு வெளியேறவேண்டியதாயிற்று.

அப்போ தப்பு கண்டக்டர்மேலா? அப்படிச் சொல்லிவிடுவது சுலபம். பூட்டு முழுமையாக விழவில்லை என்று கண்டறிந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இன்னொன்றையும் சொன்னது: அந்தப் பூட்டைச் சோதிக்க ரயில் ஊழியர்களுக்கு நிறுவனம் போதிய பயிற்சி தரவில்லை.

விபத்துக்கு முந்தைய வாரங்களிலும் அந்தப் பாலம் பலமுறை மக்கர் செய்திருந்தது. புகார்களும் பதிவாகியிருந்தன.