குண்டுமணியும் மாட்டுச் சாவும்

களிமண் பிள்ளையாருக்குக் கண்ணா வைக்கிற குண்டுமணி உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். எங்க காட்டு வேலியிலும் அது கொடியோடிக் கிடக்கு. 19ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவில் இதே குண்டுமணியை வைத்து மாடுகளைக் கொன்றிருக்கிறார்கள்.

விதையை ஊறவைத்து, மையாக அரைத்து, சின்ன முள்ளாக உருட்டி வெயிலில் காயவைப்பார்கள். பெயர் 'சூயி'. இந்தியில் ஊசி என்று அர்த்தம். ஒரு கட்டைப்பிடியில் செருகி மாட்டின் தோலுக்கடியில் ஒரே குத்து. முள் உள்ளேயே தங்கிவிடும். இரண்டு மூன்று நாளில் மாடு சாயும். பார்த்தால் பாம்பு கடித்த மாதிரி இருக்கும். தீவனத்தில் பாஷாணம் வைப்பதும் உண்டு. எல்லாம் தோலின் விலைக்காக.

ஆனால் அதே காலத்தில் வெக்கை நோயும் மந்தை மந்தையாக மாடுகளை வாரிக்கொண்டு போனது. எது நோய், எது கொலை? ஆங்கிலேயப் போலீஸ், செத்த மாட்டை எடுக்கிற சாதியார் மேலேயே சந்தேகப்பட்டது. ஒரு சாதிக்கே பழி.

சந்தேகத்துக்கு மேலே சாட்சி வேணும். 1849இல் சென்னையில் அரசு ரசாயனப் பரிசோதகரின் ஆய்வகம் வந்தது. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் எல்லாம் அப்புறம்தான். பாஷாணத்தை அங்கே கண்டுபிடித்துவிடலாம். குண்டுமணி விஷம் அப்படிச் சிக்காது; காயத்தை அறுத்து முள்துண்டைத் தேடணும். அந்த விஷம் கிருமி அல்ல, ஒரு புரதம் என்று வார்டன், வாடெல் என்ற இருவர் 1884இல் கல்கத்தாவிலிருந்து எழுதினார்கள்.

2024 வரை நடைமுறையில் இருந்த 1860ஆம் வருச இந்தியத் தண்டனைச் சட்டம் 429ஆம் பிரிவில் மாட்டைக் கொன்றால் ஐந்து வருசம் வரை சிறை என்று இருந்தது. ஆனால் அது சொத்துச் சேதக் குற்றம். மாடு பட்ட வலிக்கு அதில் இடமிருக்கவில்லை.

இதையெல்லாம் நான் தேடிப் படிச்சதுக்குக் காரணம் எங்க செவலை. மேயப் போன பசு, பொழுது சாயறதுக்குள்ள செத்துக் கிடந்தது. வரப்புத் தகராறு இருந்த பக்கத்துக் காட்டுக்காரர்தான் மருந்து வச்சுட்டார்னு நாலு பேர்கிட்ட சொல்லிட்டேன். கால்நடை டாக்டர் வந்து அறுத்துப் பார்த்தார். வயிறு நிறைய மறுதாம்புச் சோளத் துளிர். ரத்தம் செக்கச்செவேல்னு இருந்தது. வாடி, மழைக்குத் துளிர்த்த இளஞ்சோளத்தில் சயனைடு சேரும். அதுவும் என் காட்டுச் சோளம்தான்.

அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். மாடு செத்தா புதைக்கிறதுக்கு முன்னாடி அறுத்துப் பாருங்க. வாயைத் திறக்கறது அதுக்கப்புறம் இருக்கட்டும்.