கேட்டவரே தீர்ப்பு எழுதும் கதைகள்

பாமர மக்களுக்கு எளிதில் விளங்கவே இயேசு உவமைகளால் போதித்தார் என்று பிரசங்க மேடைகளில் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். கேட்பவரையே தீர்ப்புச் சொல்ல வைத்து, அதை அவர் மேலேயே திருப்புவதுதான் உவமையின் முழு வேலை. இந்த முறை இயேசுவுக்கும் மூத்தது. தன் படைவீரன் உரியாவின் மனைவியை அபகரித்து, அவனைப் போர்முனையில் சாகவும் விட்ட தாவீது அரசனிடம் நாத்தான் தீர்க்கதரிசி குற்றத்தை நேரடியாக எடுத்துச் சொல்லவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்து விருந்து சமைத்த பணக்காரனின் கதையைச் சொன்னார். அரசன் கொதித்துப்போய் அவனுக்குச் சாவே தகும் என்றான். அந்தப் பணக்காரன் வேறு யாருமல்ல, நீரே என்று நாத்தான் சுட்டியபோது அரசனுக்கு மறுக்க வழியில்லை.

நல்ல சமாரியன் உவமையும் இப்படியே நடக்கிறது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் பாதை சுமார் 27 கி.மீ. தூரத்தில் ஆயிரம் மீட்டர் இறங்குகிறது; கள்வர் பதுங்க வசதியான வறண்ட மலைவெளி. அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் விலகிக் கடக்கிறார்கள். யூதர் ஒட்டுறவு வைத்துக்கொள்ளாத சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து, சத்திரக்காரனிடம் இரண்டு நாள் கூலிக்குச் சமமான இரண்டு வெள்ளிக்காசுகளைக் கொடுக்கிறான். தனக்கு அயலான் யார் என்று கேட்டிருந்த நியாயசாஸ்திரியிடமே இயேசு கேள்வியைத் திருப்பினார். இரக்கம் காட்டியவன் என்று பதில் வந்தது. ‘சமாரியன்’ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆனாலும் தீர்ப்பு அவருடையதே.

பிற்காலம் இந்தக் கூர்மையை மழுக்கியது. பண்டைய இறையியலாளர் அகுஸ்தீனார் அடிபட்டவனை ஆதாமாகவும் சத்திரத்தைத் திருச்சபையாகவும் கண்டார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் அறிஞர் அடால்ஃப் யூலிகர் அந்த உருவக விளக்கங்களைக் களைந்தார். ஆனால் மிஞ்சியது பொதுவான நீதிபோதனைதான். ஒவ்வொரு உவமையும் குறிப்பிட்ட ஒரு சூழலில், பெரும்பாலும் மோதலில், பிறந்தது என்று 1947இல் இறையியலாளர் யோவாகிம் எரேமியாஸ் எழுதியபோது அந்தக் கூர்மை திரும்பியது.

மறைப்பதற்காகவே உவமைகள் சொல்லப்பட்டன என்று மாற்கு 4ஆம் அதிகாரத்தைக் காட்டுவோர் உண்டு. புறம்பானவர்கள் கேட்டும் உணரமாட்டார்கள் என்பது அங்கே உள்ளதுதான். ஆனால் அதே மாற்கு 12ஆம் அதிகாரத்தில், திராட்சைத்தோட்டக் குத்தகைக்காரர் கதை தங்களைக் குறித்ததே என்று யூதத் தலைவர்கள் தெளிவாக அறிந்தார்கள். அறிந்ததும் இயேசுவைப் பிடிக்க வழிதேடினார்கள். கதை புரியாமல் போகவில்லை, அதற்கு உடன்பட மனமில்லாமல் போயிற்று. விதைப்பவன் உவமைக்கு நற்செய்தியிலேயே உருவக விளக்கம் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த விளக்கமும், நால்வகை நிலத்தில் நீ எது என்ற கேள்வியைக் கேட்பவரிடமே விடுகிறது.

ஆகவே உவமையைப் பிரசங்கிப்பவர்கள் அதன் பொருளைத் தாங்களே சொல்லி முடித்துவிட வேண்டாம். தீர்ப்பைக் கேட்பவரிடம் விடுங்கள். இயேசு அப்படித்தான் விட்டார்.