ஒக்சிஜன் இல்லாத கோளும் கரண்ட் இல்லாத குடாநாடும்

கம்பஸ் லீவில் வீட்டில் இருந்து கேம் விளையாடிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற அம்மா ஸ்கிரீனைப் பார்த்துக் கேட்டா:

“உது என்ன, ஒரு ஆள் சில்லுக்குள்ள ஓடிக்கொண்டு நிக்குது?”

“கரண்ட் எடுக்கிறான் அம்மா. அவன் ஓடினாத்தான் மெசின் வேலை செய்யும்.”

“உதைத்தானே நாங்களும் செய்தனாங்கள். சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைச் சுத்தினனாங்கள்.”

சொல்லிவிட்டு அம்மா குசினிக்குப் போய்விட்டா. நான் கேமை நிற்பாட்டிவிட்டு அப்படியே இருந்தேன். வரலாறு படிக்கிற எனக்கு, என் வீட்டு வரலாறு ஒரு கேம் வழியாகத்தான் கதவைத் தட்டியது என்பது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

கேமின் பெயர் ‘ஒக்சிஜன் நொட் இன்குளூடட்’. கனடாவின் வன்கூவரில் உள்ள க்ளே நிறுவனம் செய்தது. முழுமையாக வெளிவந்தது 2019 இல். விண்வெளியில் ஒரு பாறைக்கோளின் நடுவில் மூன்று பேரோடு தொடங்க வேணும். அந்த ஆட்களை விளையாடுகிறவர்கள் ‘டூப்’ என்று சொல்லுவோம். சுற்றிவர மண், கல், கொஞ்சத் தண்ணீர், கொஞ்சப் பாசி. பாசியைப் போட்டால் ஒரு பெட்டி ஒக்சிஜன் தரும். பாசி முடிந்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்க வேணும்: ஒரு கிலோ தண்ணீருக்கு 888 கிராம் ஒக்சிஜன், 112 கிராம் ஐதரசன். கரண்டுக்கு முதலில் இருப்பது அந்த ஓடுகிற சில்லு மட்டும்தான்.

இந்தக் கேமில் துவக்கோடு வந்து சுடுகிற எதிரி கிடையாது. கொலனி சாவது ஏதோ ஒன்று முடிந்துபோவதால்தான். என் முதல் கொலனி ஒக்சிஜன் முடிந்து செத்தது. இரண்டாவது கொலனியில் தண்ணீர் இருந்தது, ஆனால் எல்லாம் அழுக்குத் தண்ணீர். ஒவ்வொரு முறையும் சாவு வருவதற்குக் கனநேரம் முன்னமே பிழை நடந்து முடிந்திருக்கும். நான்தான் கவனிக்காமல் இருந்திருப்பேன்.

அம்மா சொன்ன காலத்துக்கு வருகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரைபடத்தை ஒருக்கால் எடுத்துப் பாருங்கள். மூன்று பக்கமும் கடலும் கடல்நீரேரியும். வன்னியோடு அதை இணைக்கிற முக்கியமான தரைவழி ஆனையிறவு. உள்ளே வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மழைத்தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படையாக மிதந்துகொண்டு நிற்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே வரும். சண்டை இல்லாத காலத்திலேயே இது கணக்குப் பார்த்து வாழ வேண்டிய நிலம்.

1990 மார்ச்சில் இந்திய இராணுவம் வெளியேறியது. ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையில் திரும்பவும் போர் தொடங்கியது. ஆனையிறவில் இராணுவ முகாம் இருந்ததால் ஏ9 பாதை அடைபட்டது. ரயில் நின்றது. யாழ்தேவி திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்ரோபரில். கரண்ட் நின்றது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம், அச்சுத்தாள் என்று தடைசெய்த பொருட்களின் பட்டியல் நீண்டது. மருந்துக்கும் கட்டுப்பாடு வந்தது. 1994 இல் சந்திரிகா ஆட்சிக்கு வந்தபோது சில பொருட்களுக்கான தடை தளர்ந்தது. அதுவரை நான்கு வருடம்.

அந்த நாலு வருடத்தில் எங்கடை சனம் செய்த வேலைகளை நீங்களும் வீட்டில் கேட்டிருப்பீர்கள். ஆனாலும் அவை எப்படி வேலை செய்தன என்று ஒருக்கால் பார்ப்பம்.

ஜாம் போத்தல் விளக்கு. சிக்கன விளக்கு என்றும் சொல்லுவினம். போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். ஒரு கம்பியிலோ தகட்டிலோ கொளுவின திரி. போத்தலின் சுவரே காற்றை மறிக்கும், அதனால் தனிச் சிமினி தேவையில்லை. அம்மா ஓ.எல். படித்தது இந்த வெளிச்சத்தில்தான்.

மண்ணெண்ணெயில் ஓடின மோட்டார் சைக்கிள். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, அதனால் என்ஜின் அதில் ஸ்ரார்ட் ஆகாது. கொஞ்சம் பெற்றோலைத் துளித்துளியாக விட்டுத் தொடக்கி, என்ஜின் சூடானபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய ஒஸ்ரின் கார்களும் இப்படித்தான் ஓடின. பின்னால் வெள்ளைப் புகை.

சவர்க்காரம் தட்டுப்பாடான நேரம் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தார்கள். அச்சுத்தாள் இல்லாத நேரம் உதயன் பேப்பர் கோடு போட்ட கொப்பித் தாளில் அடித்து வந்தது. மண்ணெண்ணெய் விலை ஏற, தோட்டத்தில் இறைக்கிற மிசின் நின்று, கைவிட்டுப்போன துலா திரும்ப வந்த இடங்களும் உண்டு.

பிறகு அம்மா சொன்ன டைனமோ. சாதாரண சைக்கிள் டைனமோ ஒன்று தருவது 6 வோல்ட், 3 வாட். சைக்கிளைத் தலைகீழாக வைத்துக் கையால் பெடலைச் சுற்றினால் ஒரு றேடியோ பாடும். இரவில் பிபிசி தமிழோசை கேட்கலாம். கேமில் அந்தச் சில்லு 400 வாட் தரும். உண்மையில் ஒரு சாதாரண ஆளால் தொடர்ந்து மிதித்துத் தரக்கூடியது 100 வாட்டுக்குக் கிட்டத்தான். அதாவது ஒரு டூப் நாலு மனிசருக்குச் சமன். களைத்தால் படுப்பான், எழும்பித் திரும்ப ஓடுவான்.

இவ்வளவும் வாசிக்கிறபோது பெருமையாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. 2022 இல் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனபோதும், பெற்றோலுக்குக் கியூஆர் கோட் வந்தபோதும் எங்கடை ஊரில் எல்லாரும் சொன்ன ஒரு வசனம் ஞாபகம் இருக்கும்: “உது எங்களுக்குப் புதுசில்லை, நாங்கள் அப்பவே சமாளிச்சனாங்கள்.”

அந்தச் ‘சமாளிச்சனாங்கள்’ என்ற சொல்லில்தான் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது.

கேமில் விளையாடுகிறவர் ஒருவர்தான். அவருக்கு ஒரேயொரு நோக்கம்: கொலனி உயிரோடு இருக்க வேணும். நான் எவ்வளவு மோசமான விளையாட்டுக்காரனாக இருந்தாலும் என் டூப்புகள் சாக வேணும் என்று நினைத்ததில்லை. யாழ்ப்பாணத்தை விளையாடினது இரண்டு பேர். உள்ளே என்ன வரலாம் என்பதைக் கொழும்பு தீர்மானித்தது. வெளியே யார் போகலாம் என்பதைப் புலிகள் தீர்மானித்தார்கள். இரண்டு பேருக்கும் சனம் உயிரோடு இருப்பது முதல் நோக்கம் இல்லை. அதைவிடப் பெரிய நோக்கங்கள் அவர்களிடம் இருந்தன.

இதில் விசித்திரம் என்னவென்றால், தடை போட்ட அதே அரசுதான் பருத்தித்துறைக்குக் கப்பலில் நிவாரணச் சாமான் அனுப்பியது. ஆசிரியர்களுக்கும் கச்சேரி உத்தியோகத்தர்களுக்கும் சம்பளம் கொடுத்ததும் அதே அரசு. யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியை 1990 நவம்பரில் இருந்து செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு பாதுகாப்பு வலயமாகப் பொறுப்பெடுத்தது. அதாவது சாகவும் விடவில்லை, வாழவும் விடவில்லை. மறுபக்கத்தில், குடாநாட்டை விட்டுப் போக இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேணும், பிணைக்கு ஆள் காட்ட வேணும். பாஸ் கிடைத்தாலும் பாதை கிளாலிக் கடல்நீரேரிதான். இரவில், சின்னப் படகில், கடற்படைக்குப் பயந்துகொண்டு. 1993 ஜனவரி 2 ஆம் திகதி அந்தக் கடலில் கடற்படை சுட்டுப் பொதுமக்கள் பலர் செத்தார்கள்.

கேமில் இன்னொரு விசயம் இருக்கிறது. மூன்று நாளுக்கு ஒருக்கால் ஒரு மெசின் புது ஆட்களைக் காட்டும். அதில் ஒருவரை எடுக்கலாம், எல்லாரையும் வேண்டாம் என்றும் விடலாம். இவன் நல்லாக் கிண்டுவான், எடுப்பம். இவன் வேலை நேரத்தில் நித்திரை கொள்ளுவான், வேண்டாம். தேவையில்லாத டூப்பைக் கதவுக்கு வெளியே விட்டுப் பூட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள். நானும் ஒருக்கால் செய்தேன். சாப்பாடு காணாது என்று.

1990 ஒக்ரோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்தில் இருந்த முஸ்லிம் மக்களைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். சோனகத்தெருவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். வீடு, கடை, நகை எல்லாம் விட்டுவிட்டு நடந்தார்கள். வடக்கு முழுவதிலும் இருந்து அப்படி வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். கனபேர் புத்தளத்தில் அகதிகளானார்கள். ஜாம் போத்தல் விளக்குக் கதை சொல்லுகிற எத்தனை பேர் இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லுகிறோம்? “நாங்கள் சமாளிச்சனாங்கள்” என்பதில் அந்த ‘நாங்கள்’ யார் என்று கேட்டால், எண்ணிக்கையில் இருந்து முதலிலேயே கழிக்கப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள்.

சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி, இராணுவம் வலிகாமத்துக்குள் முன்னேறிவர, எல்லாரும் வெளியேற வேணும் என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மழை இரவு. இலட்சக்கணக்கான சனம் செம்மணி வழியாகவும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தது. அதே திகதி. இந்த முறை வெளியே விடப்பட்டது மிச்சம் இருந்த ஆட்கள். ஐந்து வருடமாக ஒவ்வொரு துளி எண்ணெயையும் எண்ணி எண்ணிக் காப்பாற்றின வீட்டை ஒரே இரவில் விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டும் ஒரே மாதிரியான நிகழ்வு என்று நான் சொல்லவில்லை. ஒன்று ஒரு சமூகத்தை அதன் அடையாளத்துக்காகத் துரத்தினது. மற்றது படை முன்னேறி வர ஊரையே காலி பண்ணினது. ஆனால் இரண்டிலும் போனவர்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை.

இன்னொரு வித்தியாசம். கேமில் ஒவ்வொரு டூப்புக்கும் மன அழுத்தம் எத்தனை வீதம் என்று காட்டும். கூடினால் அவன் அழுவான், சத்தி எடுப்பான், சாமானை உடைப்பான். பார்த்துவிட்டு நான் ஒரு பூச்சாடி வைத்துக் கொடுப்பேன், குறையும். யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு அப்படி ஒரு அளவுகோல் யாரும் வைக்கவில்லை. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போன்ற சிலர்தான் இங்கேயே இருந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு, போர் மனிசரின் மனதுக்குச் செய்ததை எழுதி வைத்தார்கள். அவருடைய ஆங்கிலப் புத்தகம் ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ 1998 இல் வந்தது. விளக்குக் கண்டுபிடித்த கதை எல்லார் வீட்டிலும் இருக்கிறது. நித்திரை இல்லாமல் பங்கருக்குள் இருந்த கதையைப் பேசுவது குறைவு.

அந்தக் காலத்தைப் பற்றிய எங்கள் வரலாற்றில் கனக்க, விளையாடுகிறவரின் உயரத்தில் இருந்து எழுதப்பட்டது. எந்த முகாம் எப்போது விழுந்தது, எந்த நடவடிக்கைக்கு என்ன பெயர், யார் யாரோடு பேசினார்கள். அதுவும் வேணும்தான். ஆனால் சில்லுக்குள் ஓடினவரிடம் கேட்டால் வேறொரு வரலாறு வரும். அப்படிக் கேட்பதற்கு எங்களுக்கு இருக்கிற காலமும் குறைந்துகொண்டு போகிறது. 1990 இல் இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அப்போது ஐம்பது வயதானவர்களில் கனபேர் இப்போது இல்லை.

அன்றைக்கு இரவு சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது அம்மாவிடம் திரும்பக் கேட்டேன்.

“அப்ப டைனமோ சுத்தி என்ன செய்தி கேட்டனீங்கள்?”

அம்மா கொஞ்சம் யோசித்தா.

“நான் எங்கை கேட்டனான்? தாத்தாவும் பக்கத்து வீட்டு ஆக்களும்தான் காதைக் குடுத்துக்கொண்டு இருப்பினம். நான் பெடலைச் சுத்தினனான். நிப்பாட்டினா றேடியோ நிண்டிடும், தாத்தா ஏசுவார். எனக்கு ஞாபகம் இருக்கிறது கை நோதான்.”

அடுத்த நாள் கேமைத் திறந்தேன். சில்லுக்குள் டூப் ஓடிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பெயர் இருந்தது, எத்தனை வீதம் களைப்பு என்பதும் இருந்தது. அவன் என்ன நினைத்தான் என்பது மட்டும் எங்கும் இல்லை. லப்டொப்பை மூடிவிட்டு, போனில் றெக்கோடரைப் போட்டுக்கொண்டு குசினிக்குப் போனேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. “என்ன, திரும்பவும் உந்தக் கதையோ?” என்றா. ஓம் என்றேன்.

இப்போது ஒன்றே முக்கால் மணித்தியாலம் பதிவு இருக்கிறது. இன்னும் 1991 ஐத் தாண்டவில்லை.