கேட்ட பொருள் நெஞ்சில் படிந்ததை ஆசார்யர்கள் அறிந்தவாறு

சந்தையில் ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணாக்கர் இருமுறை சொல்வர். பாடம் ஏறிற்றா என்பதை ஆசிரியரின் செவியே அறிந்துவிடும். பொருள் கேட்கும் காலக்ஷேபத்தில் அவ்வாறு அறிய வழியில்லை. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்பவன் நினைவாற்றல் உடையவன் என்பது மட்டுமே விளங்கும். மாற்றிச் சொல்பவனோ அறியாதவனாகவும் இருக்கலாம், ஆழ்ந்தறிந்தவனாகவும் இருக்கலாம்.

இவ்விடர்ப்பாடு திருமாலையாண்டானுக்கு நேர்ந்தது. ஆளவந்தாரிடம் தாம் கேட்டவாறே எம்பெருமானார்க்குத் திருவாய்மொழிப் பொருள் உரைத்து வந்தார் ஆண்டான். இரண்டாம் பத்தில் மூன்றாம் திருவாய்மொழியின் மூன்றாம் பாசுரத்தை ஆழ்வாரின் வருத்தமாக அவர் விளக்கினார். முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் உகப்பாகவே செல்ல, இடையில் வருத்தம் பொருந்தாது என்று கருதிய எம்பெருமானார், சொற்களை வேறு வகையில் கூட்டி, அதனையும் உகப்பாகவே உரைத்தார். ஆண்டான் இதனை விச்வாமித்ர ஸ்ருஷ்டி என்று கொண்டு பாடத்தை நிறுத்திவிட்டார். செய்தியறிந்த திருக்கோட்டியூர் நம்பி, அப்பொருளையும் ஆளவந்தார் அருளிச்செய்யத் தாம் கேட்டதுண்டு என்றும், ஸாந்தீபினியிடம் கண்ணன் ஓதினாற்போன்றது இது என்றும் தெளிவித்த பின்னரே பாடம் தொடர்ந்தது. ஆண்டானைக் குறைகூறுவதற்கில்லை. கேட்டதைக் காப்பதே கடமையென்று இருந்தவர்க்கு, கேளாத பொருள் பிழையாகவே தோன்றும். உடன் கேட்ட வேறொருவர் இருந்தமையால் அன்றோ உண்மை வெளிப்பட்டது!

நஞ்சீயர் திறத்தில் அத்தகைய சாட்சி வேண்டியிருக்கவில்லை, உரை அவருடையதே. திருவாய்மொழிக்குத் தாம் இட்ட ஒன்பதினாயிரப்படியை நன்கு பட்டோலைப்படுத்த அவர் விரும்பினார். ஒற்றொழித்து 32 எழுத்து ஒரு படியாதலின், அது 2,88,000 எழுத்தளவினதான நூல். எழுத்தழகு உடையவர் என்று நம்பூர் வரதராஜரைக் காட்டினர். எழுத்து மட்டும் போதாதென்று எண்ணிய ஜீயர், உரை முழுவதையும் அவருக்கு ஒருமுறை ஸாதித்த பின்னரே ஓலைக்கட்டைக் கொடுத்தார். அதனைத் தலையில் கட்டிக்கொண்டு வரதராஜர் காவிரியை நீந்துகையில் அலையொன்று அதனைக் கொண்டுபோயிற்று.

பின்பு அவர் கேட்டதை நினைந்து நினைந்து புதிய ஓலையில் எழுதினார். சிறப்புப் பொருள் தோன்றிய இடங்களில் அதனையும் சேர்த்தார். படித்த ஜீயர் தம் உரையே மிகுந்து வந்திருக்கக் கண்டு வினவ, நடந்ததை அவர் விண்ணப்பித்தார். ஜீயர் அவரைத் தழுவி 'நம்பிள்ளை' என்று பெயரிட்டார். மூல ஓலை கெடாதிருந்தால் நல்லதோர் எழுத்தாளர் என்பதற்குமேல் ஜீயர் எதனை அறிந்திருப்பார்? உரை வளர்ந்த இடங்கள் தம் கருத்துக்கு இசைந்தனவா என்று ஒப்புநோக்க, உரைகாரரான அவரே இருந்தார்.

அந்த நம்பிள்ளையே ஆசார்யராக விளங்கிய காலத்தில், பகலில் அவர் அருளியதை வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் எழுதிவைத்தார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. ஓலையைக் கண்ட நம்பிள்ளை பொருளில் குறை காணவில்லை. தம் அனுமதியின்றி எழுதியதனால் அதனை வாங்கி வைத்துக்கொண்டார். பின்னர் அது ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் சேர்ந்தது.