உடனிருந்தவர்கள்: உளநோயாளரின் குடும்பங்கள் அமைப்பாகத் திரண்ட வரலாறு

நூற்றாண்டு மலர் என்றால் அதிபர்களின் வரலாறும் கட்டடங்களின் வரலாறும் விளையாட்டுப் போட்டிகளில் வென்ற கேடயங்களின் வரலாறும் அதில் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் நமது பழைய வகுப்புப் படங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால், ஆறாம் வகுப்பில் நம்மோடு நின்ற சிலர் பதினோராம் வகுப்புப் படத்தில் இல்லை என்பது தெரியவரும். வறுமை, இளவயதுத் திருமணம், கொழும்பில் வீட்டு வேலை என்று அதற்குப் பல காரணங்கள். வெளியே சொல்லப்படாத காரணம் ஒன்றும் உண்டு. தாய்க்கோ அண்ணனுக்கோ உளநோய் வந்த வீட்டில் பகல் முழுதும் ஒருவர் கூட இருக்க வேண்டும். மற்றவர்கள் மலைக்குப் போனால்தான் அடுப்பெரியும். ஆகவே வீட்டின் பெண்பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடுவாள். நம்மில் வைத்தியத் துறைக்கு வந்தவர்கள் அவளைப் பல ஆண்டுகள் கழித்துக் கிளினிக் வாங்கில் காண்கிறோம். நோயாளியின் துண்டு அவள் கையில் இருக்கும். கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்பவளும் அவள்தான்.

அப்படிப்பட்டவர்களை இன்று ‘பராமரிப்பாளர்’ என்கிறோம். நெடுங்காலம் அவர்களுக்கு ஒரு பெயர்கூட இருக்கவில்லை. அவர்கள் தங்களுக்கென அமைப்புகள் கண்டு வைத்தியர்களிடமும் அரசுகளிடமும் பேசத் தொடங்கி ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்று அதிகம் ஆகிறது. முன்னின்றவர்களில் பலர் பெண்கள். பெண்கள் பள்ளியொன்றின் மலரில் அந்த வரலாற்றுக்கு ஓர் இடம் இருப்பது தகும் என்று கருதியே இதை எழுதுகிறோம்.

அங்கொடையும் லயமும்

இலங்கையில் உளநோயாளர் தொடர்பான 1873ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவரை எவ்வாறு விசாரித்து எங்கே வைப்பது என்பதை விரிவாகச் சொன்னது. வீட்டில் வைத்துப் பார்ப்பவருக்கு என்ன துணை என்பது அதன் அக்கறையாக இருக்கவில்லை. 1926இல் கொழும்புக்கு வெளியே அங்கொடையில் பெரிய உளநோய் வைத்தியசாலை எழுந்தது. இன்று அது தேசிய மனநல நிறுவகம். ஆயினும் தோட்டங்களில் அந்த ஊரின் பெயர் ஒரு வசைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. சண்டையில் ஒருவரை ஒருவர் அங்கொடைக்கு அனுப்புவது நமக்கெல்லாம் காதில் விழுந்து பழகிய பேச்சு.

ஹட்டனிலிருந்து கொழும்புக்கு ரயிலேறி, அங்கிருந்து அங்கொடைக்குப் போய் ஒருவரைப் பார்த்துத் திரும்புவது தோட்டத் தொழிலாளிக்கு எளிய காரியமல்ல. இரண்டு நாள் பேர் போய்விடும். போன இடத்தில் பேசப்படும் மொழியும் வேறு. பார்க்கப் போவது குறையக் குறைய, உள்ளே இருந்தவர் வீட்டின் நினைவிலிருந்தும் விலகிப் போனார். அனுப்ப மனம் வராதவர்கள் லயத்துக் காம்பராவிலேயே வைத்துப் பார்த்தார்கள். ஒரே கூரை, ஒரே சுவர்; இரவில் ஒருவர் சத்தமிட்டால் வரிசை முழுதும் விழித்துக்கொள்ளும். கோடாங்கியை அழைத்து உடுக்கடித்துக் குறி கேட்டதும், தாயத்துக் கட்டியதும், கோயிலில் இருத்தியதும் அவர்களுக்குக் கிடைத்த வழிகள். தோட்டத்து டிஸ்பென்சரி காய்ச்சலையும் பிரசவத்தையும் வெட்டுக் காயத்தையும் பார்த்தது. நீண்டு தொடரும் உளநோயைப் பார்க்க அதனிடம் ஆளுமில்லை, மருந்துமில்லை.

இதன் மேல் அரசியலும் வந்து விழுந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிமாரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம் என்று குடும்பங்கள் பிரிந்தன. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கவென நீலகிரியில் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. நோயாளியைப் பராமரிப்பது ஒருவரால் ஆகும் வேலையல்ல. பெரியம்மா, சித்தி, மச்சாள் என்று பல கைகள் மாறி மாறித் தாங்கினால்தான் ஆகும். அந்தக் கைகளில் பாதி கடல் கடந்த பிறகு, மீந்திருந்தவர் பெரும்பாலும் ஒரு தாயோ ஒரு மகளோதான்.

மருந்து வந்த பின்

1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் என்னும் மருந்து உளநோய்க்குப் பயன்படுத்தப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் உலகெங்கும் உளநோய் வைத்தியசாலைகளின் கதவுகள் திறக்கத் தொடங்கின. மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும் தொடங்குவது. மருந்தை இடையில் நிறுத்தினால் பலருக்கு மீண்டும் வரும். ஆகவே வீடு திரும்பியவருக்கு, மருந்தை நினைவூட்டவும் தூக்கம் குறைவதைக் கவனிக்கவும் ஆண்டுக்கணக்கில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யார், அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்று வைத்திய உலகம் அப்போது கேட்கவில்லை.

கேட்டவர்கள் நம் பக்கத்து நாட்டில் சிலர் இருந்தார்கள். 1950களில் அமிர்தசரஸ் உளநோய் வைத்தியசாலையில் டொக்டர் வித்யாசாகர், வளவுக்குள் கூடாரங்கள் அடித்து நோயாளிகளோடு உறவினர்களையும் தங்க வைத்தார். நோய் என்ன, எப்படிப் பேச வேண்டும், எப்போது கவலைப்பட வேண்டும் என்பதை அவர்களுக்குக் கூட்டம் கூட்டிச் சொன்னார். நோயாளிகள் விரைவில் வீடு திரும்பினார்கள். அதே காலத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டொக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கிவைத்த உளநல மையமும், நோயாளியோடு குடும்பத்தவர் ஒருவர் கூடத் தங்க வேண்டும் என்ற முறையைக் கைக்கொண்டது. ஐரோப்பாவில் உறவினரை வாசலில் நிறுத்தி வைத்திருந்த காலம் அது.

ஆனால் இந்த முயற்சிகளில் எல்லாம் குடும்பம் வைத்தியருக்கு உதவியாளராகவே இருந்தது. குடும்பம் தானே வாய் திறந்தது அதற்குப் பிறகு.

தாய் தந்தையர் பேசத் தொடங்கினர்

1970இல் ஜோன் பிரிங்கிள் என்ற தந்தை, மனச்சிதைவு நோய்க்கு ஆளான தம் மகனைக் குறித்து லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்த குடும்பங்கள் பல அவருக்கு எழுதின. 1972இல் அவர்கள் சேர்ந்து தேசிய மனச்சிதைவு நோய்க் கூட்டுறவை அமைத்தார்கள். இன்று ‘ரீதிங்க்’ என்று அறியப்படுவது அதுவே. அமெரிக்காவில் மடிசன் நகரில் ஹரியெட் ஷெட்லர், பெவர்லி யங் என்ற இரு தாய்மார் 1977இல் பகலுணவு மேசை ஒன்றில் சந்தித்தார்கள். இருவரின் மகன்களுக்கும் ஒரே நோய். பிள்ளை வளர்த்த விதம்தான் நோய்க்குக் காரணம் என்று தாய்மாரையே குற்றம் சொல்லும் கொள்கை அங்கே அதுவரை செல்வாக்கோடிருந்தது. இருவரும் தம்மைப்போன்றவர்களைத் தேடித் திரட்டினார்கள். 1979இல் அது ‘நாமி’ எனும் தேசிய அமைப்பாயிற்று.

சென்னையில் இந்த வரலாற்றின் நடுவில் நிற்பவர் டொக்டர் சாரதா மேனன். 1923இல் மங்களூரில் பிறந்த அவர், இந்தியாவின் முதல் பெண் உளமருத்துவர் என்று அறியப்படுபவர். கீழ்ப்பாக்கம் உளநோய் வைத்தியசாலைக்கு 1961 முதல் 1978 வரை தலைமை தாங்கினார். ஓய்வு பெற்ற பின் 1984இல் ‘ஸ்கார்ஃப்’ எனும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். அதன் துணையோடு நோயாளிகளின் குடும்பத்தவர்கள் 1980களின் இறுதியில் ‘ஆஷா’ என்ற தங்கள் சொந்த அமைப்பைத் தொடங்கினார்கள். தாம் மறைந்த பின் பிள்ளையை யார் பார்ப்பார் என்ற கேள்வி அவர்களைச் சேர்த்தது. 98 வயதில், 2021 டிசம்பரில், சாரதா மேனன் காலமானார்.

அதே ஸ்கார்ஃப் நிறுவனத்தில் டொக்டர் ஆர். தாராவும் சகாக்களும் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வொன்று நமக்கு முக்கியமானது. மனச்சிதைவு நோயால் மணவாழ்வு முறிந்த பெண்களைப் பற்றியது அது. கணவன் விட்டுப் போன பின் அவர்களைத் தாங்கியவர்கள் வயதான தாய் தந்தையர். சட்டப்படி விவாகரத்தோ வாழ்க்கைப் படியோ பெற்றவர் மிகச் சிலர். லயங்களில் நாம் காண்பதும் இதுவே.

2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி அதிகாலை இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த உளநோயாளிகள் ஓட முடியாமல் எரிந்தார்கள். 28 உயிர்கள் போயின. அவர்களை அங்கே விட்டவர்கள் அவர்களுடைய குடும்பத்தவர்களே. அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லி முடித்துவிட முடியாது. பக்கத்தில் வைத்தியமில்லாமல், வேலைக்குப் போனால் பார்க்க ஆளில்லாமல், தர்காவின் அருளை நம்பிப் போனவர்கள் அவர்கள். அந்தத் தீக்குப் பின் இந்திய உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. குடும்பங்களின் குரலும் உரத்தது. தாமும் ஒரு பராமரிப்பாளரான நிர்மலா ஸ்ரீநிவாசன் 2003இல் பெங்களூரில் ‘ஆக்மி’ என்ற அமைப்பைத் தொடங்கினார். வைத்தியம் பார்ப்பதோ இல்லம் நடத்துவதோ அதன் வேலையல்ல. சட்டமும் கொள்கையும் எழுதப்படும் இடத்தில் போய்க் குடும்பங்களுக்காக வாதாடுவதே அதன் வேலை.

இரண்டு குரல்கள்

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பராமரிப்பாளரின் குரலும் நோயாளியின் குரலும் எப்போதும் ஒன்றல்ல. தன் விருப்பமில்லாமல் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டவர், குடும்பத்தவர் பேசுவதைத் தன் பேச்சாக ஏற்கமாட்டார். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு உளநலச் சட்டம், தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும், தன் சார்பில் பேசுபவரைத் தானே தெரிவு செய்யவும் நோயாளிக்கு உரிமை தந்தது. நல்ல மாற்றம். சுமையைச் சுமப்பவர்கள் நாங்களாயிருக்க, எங்களுக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று குடும்பங்கள் கேட்டதும் நியாயமே. களைத்துப்போன ஒருவரிடமிருந்து நோயாளிக்கு மரியாதையான பராமரிப்புக் கிடைப்பது கடினம். ஆகவே இரண்டு உரிமைகளும் சேர்ந்தே வளர வேண்டும் என்பது கிளினிக் அனுபவத்தில் நாம் கண்டது.

நம் நாடும் நம் மலையும்

இலங்கையிலும் முன்னோடிகள் இருந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் பேராசிரியர் நாலக மெண்டிஸ் முதலானோர் கொழும்பில் ‘சஹனய’ என்ற தேசிய உளநல மன்றத்தைத் தொடங்கினார்கள். அதே பத்தாண்டில் சாலி ஹுலுகல்ல, முல்லேரியா வைத்தியசாலையில் வீட்டார் மறந்துவிட்ட பெண்களைப் போய்ப் பார்க்கத் தொடங்கி ‘நெஸ்ட்’ அமைப்பை உருவாக்கினார். அவர்களின் குடும்பங்களைத் தேடிச் சென்றார். 2005ஆம் ஆண்டின் தேசிய உளநலக் கொள்கை அங்கொடையை மட்டும் நம்பியிராமல் மாவட்டங்களுக்குச் சேவையைக் கொண்டுசெல்ல வழிவகுத்தது. இன்று ஹட்டன், டிக்கோயா, நுவரெலியாப் பகுதியில் மாதாந்த ஊசிக்குக் கொழும்பு ரயில் ஏறவேண்டிய நிலை இல்லை. இது பெரிய மாற்றம்.

ஆனால் கிளினிக் வந்ததால் மட்டும் பராமரிப்பாளரின் பாரம் இறங்கிவிடவில்லை. கிளினிக் நாளில் நோயாளியை அழைத்துவரும் பெண்ணுக்கு அன்றைய பேர் இல்லை. விளக்கம் தமிழில் கிடைக்குமா என்பது அன்று யார் கடமையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. வீட்டில் ஒருவர் நோயுற்றால் பெண்பிள்ளையின் படிப்பு நிற்பதைத் தோட்ட நிர்வாகமோ, தொழிற்சங்கமோ, கல்விக் காரியாலயமோ கணக்கில் எடுப்பதில்லை. சம்பளக் கோரிக்கைக்கு மலையகத்தில் பலத்த குரல் உண்டு. இந்த மூன்றையும் கேட்பதற்குக் குரல் இல்லை.

மடிசனில் தொடங்கியவர்கள் இருவர். லண்டனில் தொடங்கியது ஒரு தந்தையின் எழுத்து. சென்னையில் குடும்பங்களுக்கு ஒரு வைத்தியர் பின்துணையாக நின்றார். நம் பழைய மாணவிகளில் வைத்தியர்கள், தாதியர், ஆசிரியைகள், சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். தம் வீட்டிலேயே ஒருவரை ஆண்டுக்கணக்கில் பார்த்துவருபவர்களும் இருக்கிறார்கள், அதைச் சொல்லிக்கொள்ளாமல். தலைமை தாங்க வேண்டியவர்கள் அவர்களே. மற்றவர்கள் அவர்களுக்குப் பின்னால் நிற்கலாம். சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஹட்டன் நகரில் ஓர் அறை, சுடச்சுடத் தேநீர், வந்தவர்கள் பேசுவதைக் கேட்க இரண்டு பேர்: தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் அறை வாடகையையும் வருபவர்களின் பஸ் கட்டணத்தையும், முடிந்தால் அவர்கள் இழக்கும் ஒரு நாள் பேரையும் பொறுப்பேற்கலாம். சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக முன்வைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.