இணையச் சேவைப் பக்கங்களில் படத் தேர்வு: தேனி, கம்பம் பள்ளத்தாக்கு

தனியாளாகத் தொழில் செய்பவர் இணையத் தளத்தில் தம் சேவையைப் பதியும்போது விலைக்கும் விவரத்துக்கும் மேலே வைப்பது முகப்புப் படம். கல்யாண போட்டோ, ஆல்பம் டிசைன், வீடியோ எடிட்டிங், சுற்றுலா வழிகாட்டல் என எந்த வேலையானாலும் ஆர்டர் கொடுப்பவரின் கண் முதலில் அதில்தான் விழும்.

முகப்புப் படத்தின் வேலையைப் புரிந்துகொள்ளத் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரின் ஏலக்காய் வியாபாரம் உதவும். நறுமணப் பொருட்கள் வாரியம் 2007-இல் அங்கே மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. விலை கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது; சாம்பிள் போகவில்லை. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் எடுத்த காய் வியாபாரிகளின் கைக்கு வருகிறது. பச்சை மங்காமல் இருக்கிறதா, காய் எட்டு மில்லிமீட்டர் தேறுமா, உள்ளே அரிசி (விதை) நிறைந்திருக்கிறதா என்று பார்த்தபிறகே விலை கேட்கிறார்கள். சேவை விற்பவரிடம் இப்படி அள்ளிக் கொடுக்க எதுவும் இல்லை. படமே அவருடைய சாம்பிள். லேப்டாப் முன்னால் சிரிக்கும் யாரோ ஒருவரின் இலவசப் படம் அந்த இடத்தை வீணாக்குகிறது.

மசாலா பாக்கெட்டுக்கு லேபிள் வடிவமைப்பவரை எடுத்துக்கொள்ளலாம். திரையில் இருக்கும் லேபிளைவிட, அச்சாகி, ஏலக்காய் நிரம்பிய பாக்கெட்டில் ஒட்டியிருக்கும் லேபிளின் படம் அதிகம் பேசும். பாக்கெட் உப்பிய இடத்தில் எழுத்து எப்படி வளைகிறது, பளபளப்பில் நிறம் எப்படி மாறுகிறது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். ஜன்னலோர வெளிச்சமே போதும். மஞ்சள் பல்பின் கீழ் எடுத்தால் நல்ல காயும் பழைய காயாகத் தோன்றும்.

2010-இல் இஸ்ரேலில் தொடங்கிய ஃபைவர் என்ற சேவை விற்பனைத் தளம் முகப்புப் படத்துக்குப் பரிந்துரைத்துவந்த அளவு 1280 x 769 பிக்சல். ஆனால் தேடல் பட்டியலில், அதுவும் போனில், அது கட்டைவிரல் அகலத்துக்குச் சுருங்கிவிடும். தமிழ் எழுத்துக்கு இது கூடுதல் சோதனை: புள்ளி மறையும், சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். படத்தின்மேல் எழுதியே ஆகவேண்டும் என்றால் இரண்டு சொல் போதும், பெரிதாக. போன் நம்பர், ஆஃபர், நட்சத்திரக் குறி என நிரப்பினால் அது ஃப்ளெக்ஸ் பேனர் ஆகிவிடும்.

ஊர் மாறிய படம் காட்டிக்கொடுத்துவிடும். கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது; அது கருநீலப் பழம். திராட்சைத் தோட்டச் சுற்றுலாவுக்குப் பச்சை விதையில்லாத் திராட்சையின் படத்தை வைத்தால் சின்னமனூர்க்காரர் மேற்கொண்டு படிக்கமாட்டார். மேகமலைப் பயணத்துக்கு மூணாறு தேயிலைச் சரிவைக் காட்டுவதும் அப்படித்தான். முதல் பார்வைக்கு இரண்டு ஊர்ச் சரிவுகளும் ஒன்றுபோல் இருக்கலாம். வந்து இறங்கியவர் எழுதும் மதிப்புரையில் வித்தியாசம் தெரியும்.

கல்யாண போட்டோகிராபர்கள் கவனிக்கவேண்டிய சட்டம் ஒன்றும் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே. தேனியில் எடுத்த முகூர்த்தப் படம் தம் கேமராவில் விழுந்தது என்பதற்காக அதைத் தம் சேவைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளும் உரிமை போட்டோகிராபருக்குத் தானாக வந்துவிடாது. அட்வான்ஸ் வாங்கும்போதே, எந்தப் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ரசீதில் எழுதி, வீட்டாரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.