பழகிவிட்ட தோள்: மீண்டும் மீண்டும் விலகும் தோள்மூட்டின் எலும்பிழப்பு குறித்து, தாராவியை முன்வைத்து

"முதல் தடவை உயிரே போயிடுச்சு. ஆஸ்பத்திரியில மயக்க மருந்து குடுத்துத்தான் ஏத்துனாங்க. இப்பல்லாம் நானே ஏத்திக்குவேன். பழகிப்போச்சு."

மும்பையின் தாராவி, மாதுங்கா, செம்பூர்ப் பகுதித் தமிழரிடையே எலும்பு மருத்துவம் பார்க்கும் எவருக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல. தாராவியின் 13ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் மூட்டை சுமப்பவர் சொல்வார். கபடி ஆடும் கல்லூரி மாணவர் சொல்வார். வலி குறைந்துவிட்டது, மருத்துவமனைக்குப் போகும் தேவையும் இல்லை. எனவே நோய் தணிந்துவிட்டது என்பது அவர்கள் கணக்கு. இக்கட்டுரையின் வாதம் அதற்கு நேர்மாறானது. தோள் எளிதாக இறங்கி எளிதாக ஏறுகிறது என்றால், அதைத் தடுத்து நிறுத்த வேண்டிய உறையும் விளிம்பும் அழிந்துகொண்டிருக்கின்றன. 'பழக்கம்' என்று நோயாளி சொல்வதை மருத்துவர் 'இழப்பு' என்றே எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆட்டுக்கல் குழிக்குள் குழவி உட்கார்ந்திருப்பது போன்ற அமைப்பு இடுப்பு மூட்டுக்கு உண்டு; தோளுக்கு இல்லை. சிறு தட்டின்மேல் வைத்த எலுமிச்சையைப் போலத்தான் மேற்கை எலும்பின் தலை தோள்குழியில் நிற்கிறது. எந்த நிலையிலும் அந்தத் தலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழியைத் தொடுவதில்லை. குழியைச் சுற்றியுள்ள குருத்துநார் வளையமும் மூட்டுறையும் தசைகளும் சேர்ந்தே அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. தோள் முன்பக்கமாக விலகும்போது வளையமும் உறையும் குழியின் முன்விளிம்பிலிருந்து பிய்ந்துவிடுகின்றன. மீள்விலகலின் மூலக் காரணம் இந்தப் பிய்வே என்று 1923இல் லண்டன் மருத்துவர் பாங்கார்ட் எழுதினார். 1940இல் ஹில், சாக்ஸ் என்ற இரு அமெரிக்கக் கதிரியல் மருத்துவர்கள் எதிர்ப்பக்கச் சேதத்தை விளக்கினார்கள். விலகிய தலையின் பின்புறம் குழியின் கூர்விளிம்பில் மோதி நசுங்குகிறது. மென்மையான உள்ளெலும்பு கொண்ட தலையில் அதனால் ஒரு பள்ளம் விழுகிறது.

ஒவ்வொரு விலகலும் இந்த இரண்டு சேதங்களையும் பெருக்க வல்லது; குழியின் முன்விளிம்பு எலும்பும் குறையலாம். ஹாங்காங்கில் கிரிஃபித்தும் அவர் குழுவினரும் 218 பேரின் சி.டி. ஸ்கேன்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட முடிவு இதைக் காட்டுகிறது. முதன்முறை விலகியவர்களில் 41 சதவீதத்தினருக்குக் குழியின் எலும்பு குறைந்திருந்தது. பலமுறை விலகியவர்களில் அது 86 சதவீதம். குழியின் கீழ்ப்பகுதி அகலம் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர்தான். அதில் ஐந்தில் ஒரு பங்கு போவது அபாய எல்லை என்று நெடுங்காலமாகக் கொள்ளப்பட்டது. அண்மைய ஆய்வுகள் அந்த எல்லையை இன்னும் கீழே இறக்குகின்றன. ஐந்தில் ஒரு பங்கு என்பது 5 மில்லிமீட்டர், ஒரு துவரம்பருப்பின் அகலம். ஒரு தொழிலாளியின் வாழ்நாள் உழைப்பு அவ்வளவு சிறிய எலும்புத் துண்டில் நிற்கிறது.

தோளைத் தானே ஏற்றிக்கொள்ளும் வித்தையும் புதியதல்ல. அடிக்கடி தோள் இறங்குபவர்கள் மறுகை விரல் கணுக்களை அக்குளில் கொடுத்து, முழங்கையை மார்போடு சேர்த்துத் தாமே ஏற்றிக்கொள்வதை பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டஸ் பெயரால் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூலே குறிப்பிடுகிறது. பிறவியிலேயே மூட்டு தளர்ந்தவர்களுக்கு எலும்பிழப்பு இல்லாமலும் தோள் இறங்கி ஏறலாம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆனால் ஒரு விழுகையில், ஓர் இழுப்பில் தொடங்கிய விலகலுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

மும்பையின் அன்றாடமே இந்தத் தோளுக்கு எதிராக இருக்கிறது. கை பக்கவாட்டில் உயர்ந்து வெளிப்புறம் திரும்பும் நிலையில்தான் தோள் முன்பக்கம் நழுவுகிறது. சயான் நிலையத்தில் நெரிசலான லோக்கலில் ஏறி மேல்கைப்பிடியைப் பற்றியவரின் கை அந்த நிலையில்தான் இருக்கிறது. தலைமேல் மூட்டையை ஒரு கையால் தாங்கி நடப்பவரின் கையும் அப்படித்தான். அந்த நிலைக்குக் கையை மெல்லக் கொண்டுபோனால் நோயாளியின் முகத்தைப் பாருங்கள்: வலி வருமுன்னே கண்களில் பயம் வரும், மறுகை தானாக எழுந்து மருத்துவரின் மணிக்கட்டைப் பிடிக்கும். வண்டியில் இவர் எப்போதும் இடக்கையாலேயே கம்பியைப் பிடிக்கிறார் என்பது அதன்பிறகு கேட்டால்தான் தெரியவரும்.

"வயதானால் தானே இறுகிவிடும்" என்று ஒரு மறுப்பு எழலாம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. சுவீடனில் ஹோவேலியஸ் குழுவினர் 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், 12 முதல் 25 வயதுக்குள் முதன்முறை விலகி, அறுவையின்றி விடப்பட்ட தோள்களில் பாதி மறுபடி விலகவில்லை அல்லது காலப்போக்கில் நிலைத்துவிட்டது. எனவே முதல் விலகலிலேயே எல்லோரையும் அறுவைக்கு அனுப்புவதை நான் ஏற்கவில்லை. ஆனால் அதே ஆய்வின் எக்ஸ்ரேக்களைப் பாருங்கள்: 25 ஆண்டு முடிவில் முற்றிலும் இயல்பாக இருந்தவை 44 சதவீதமே. 29 சதவீதத்தில் லேசான மூட்டுத் தேய்மானம், 9 சதவீதத்தில் நடுத்தரம், 17 சதவீதத்தில் கடுமை. ஆய்வில் இருந்த எல்லோருமே முதல் விலகலின்போது 40 வயதைத் தாண்டாதவர்கள். இறங்குவது நின்றதாலேயே மூட்டு பிழைத்தது என்று சொல்ல முடியாது.

எலும்பை அளக்காமல் அறுவை செய்வதும் பயனற்றது. பர்க்ஹார்ட், டி பியர் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பிடத்தக்க எலும்பிழப்பு இல்லாதவர்களுக்கு நுண்துளை வழியாக வளையத்தைத் தைத்தபின் 4 சதவீதத்தினருக்கே தோள் மறுபடி விலகியது. எலும்பிழப்பு இருந்தவர்களில் அது 67 சதவீதம். தையல் அதேதான், அதைத் தாங்கும் கரைதான் இல்லை. அத்தகையோருக்கு 1954இல் பிரான்சின் லாதார்ஷே விவரித்த முறை பொருந்தும். தோள்பட்டை எலும்பின் காக்கை அலகு போன்ற முனையைத் தசையோடு வெட்டி எடுத்து, குழியின் முன்விளிம்பில் திருகாணியால் பதிப்பது அது. துண்டு சற்று வெளியே துருத்தினாலும் தலையை உரசித் தேய்மானத்தைக் கூட்டும் என்பதால், தேர்ந்த கை வேண்டும்.

இவ்வளவுக்கும் முதற்படி கூடுதல் செலவில்லாதது. நேராக எடுக்கும் வழக்கமான எக்ஸ்ரேயில் தலையின் பள்ளம் மறைந்துவிடலாம். கையை உட்புறம் திருப்பி எடுத்த படத்தில் அது வெளிப்படும். இதை ஹில்லும் சாக்ஸும் 1940லேயே வலியுறுத்தினார்கள். கையை எப்படித் திருப்பி எடுத்தாலும் படத்துக்கு ஆகும் காசு ஒன்றுதான். இரண்டாம் முறை இறங்கிய ஒவ்வொரு தோளுக்கும் இந்தப் படத்தையும், இயன்ற இடத்தில் சி.டி. ஸ்கேனையும் வழக்கமாக்க வேண்டும். சுளுக்கெடுக்கும் வைத்தியரிடமும் புத்தூர்க் கட்டுக்கும் நம் மக்கள் போவதைப் பழிப்பதால் பயனில்லை. அவர்கள் ஏற்றிவிட்ட பிறகாவது படம் எடுக்க வரச்செய்வதே நம் வேலை.

தாராவியிலும் செம்பூரிலும் தமிழில் நோயாளியோடு பேசும் மருத்துவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை முறை இறங்கியது என்பதோடு நிறுத்தாதீர்கள். "தூக்கத்தில் புரண்டு படுக்கும்போது இறங்கியதுண்டா?" என்றும் கேளுங்கள். உண்டு என்று பதில் வந்தால், அவ்வளவு எளிதாக இறங்கும் அந்தத் தோளின் எலும்பை அன்றே அளக்க அனுப்புங்கள்.